‘ஆகையால்’ என்னும் இணைப்பு: செல்வமும் கவலையும் பற்றிய நற்செய்திப் பகுதிகள்

1. ஆய்வின் நோக்கம்

பொருள் பற்றிய கிறித்தவக் கொள்கை யாது என வினவுவார்க்கு இருவகை விடைகள் எளிதிற் கிடைக்கின்றன. செல்வம் தீயது, வறுமையே அறத்துக்கு உறைவிடம் என்பது ஒன்று. செல்வம் இறைவன் அளிக்கும் பரிசு; பற்றுறுதி மிக்கவன் வளம் பெறுவான் என்பது மற்றொன்று. இரு சாராரும் விவிலியத்தினின்று சில வசனங்களைத் தனித்தெடுத்துக் காட்டித் தத்தம் கொள்கையை நிறுவ முயல்கின்றனர். இவற்றினும் பெருகி வழங்குவது மூன்றாவது ஒன்று. ‘நாளைக்காகக் கவலைப்படவேண்டா’ என்னும் கருத்தை, பசியாலும் கடனாலும் வாடுவோர்க்கு ஆறுதலாகக் கூறிவிட்டு அவரைக் கடந்து செல்லும் வழக்கமே அது.

ஒரு நூலின் கருத்தை அறிய விழைவோர் சொல்லையும், சொல் நின்ற இடத்தையும், முன்பின் இயைபையும் நோக்குதல் வேண்டும் என்பது நம் உரையாசிரியர்கள் காட்டிய நெறி. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், ஓர் அதிகாரம் மற்றோர் அதிகாரத்தின்பின் வைக்கப்பட்டதன் காரணத்தை ஆங்காங்கே எடுத்துரைப்பதை அறிவோம். வைப்பு முறையும் பொருளுணர்த்தும் என்பது அவர்தம் துணிபு. அந்நெறியினைப் பற்றி நின்று, மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தையும் லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தையும், அவற்றின் தமிழ் வடிவங்களையும் ஈண்டு ஆராய்வோம். சமயச் சார்பினைக் கடந்து, இலக்கியத் திறனாய்வு முறையிலேயே இவ்வாய்வு நிகழும்.

2. வைப்பு முறை

மத்தேயு நற்செய்தியின் 5, 6, 7ஆம் அதிகாரங்கள் மலைப்பொழிவு எனப் பெயர் பெறும். அதன் நடுப்பகுதியில், 6ஆம் அதிகாரத்தின் 19 முதல் 34 வரையுள்ள வசனங்கள் பொருள் பற்றியவை. அவை நான்கு கூறுகளாக அமைந்துள்ளன. பூச்சியும் துருவும் அழிக்கும் இடத்தில் செல்வத்தைச் சேர்க்கவேண்டா என்பது முதற் கூறு. கண்ணே உடலுக்கு விளக்கு என்பது இரண்டாவது. எவரும் இரண்டு தலைவர்க்கு அடிமை செய்ய இயலாது என்பது மூன்றாவது. உணவையும் உடையையும் குறித்துக் கவலைப்படவேண்டா என்பது நான்காவது.

இவற்றுள் நான்காம் கூறே மக்கள் நாவில் மிகுதியாகப் பயில்வது. வானத்துப் பறவைகளும் காட்டு மலர்களும் உவமையாக வருதலின், அது தனியொரு பாடல்போல் மனத்தில் நிற்கின்றது. ஆயினும் அது தனியே தொடங்குவதன்று. 25ஆம் வசனத்தின் தொடக்கத்தில் நிற்பது ஓர் இணைப்புச் சொல். கிரேக்க மூலத்தில் ‘தியா தூத்தோ’ என நிற்கும் அத்தொடர்க்கு ‘இதன் காரணமாக’ என்பது பொருள். 1871இல் முழுமையாக வெளிவந்ததும், பவர் குழுவினர் திருத்தியமைத்ததுமான மொழிபெயர்ப்பு இதனை ‘ஆகையால்’ என்று தருகின்றது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு ‘ஆகவே’ என்று தருகின்றது.

இச்சிறு சொல்லே இப்பகுதியின் பூட்டுத் திறவுகோல் என்பது எம் கருத்து. இரண்டு தலைவர்க்கு அடிமை செய்தல் இயலாது. ஆகையால் கவலைப்படவேண்டா என்பதே நூல் அமைத்திருக்கும் வாதம். கவலைப்படுதல் என்பது செல்வம் என்னும் தலைவனுக்குச் செய்யும் பணி என்பது இவ்விணைப்பினாற் பெறப்படுகின்றது. இணைப்பை நீக்கினால், எஞ்சுவது வெறும் ஆறுதல் மொழியே. இணைப்போடு கொண்டாலோ, அது எவர்க்கு ஆட்பட்டிருக்கிறோம் என்று வினவும் கடுமொழியாகும்.

3. மூன்று சொற்கள்

மேற்கூறிய வாதத்தில் மூன்று சொற்கள் தாங்குதூண்களாக நிற்கின்றன. அவற்றைத் தமிழ் எவ்வாறு ஏற்றது என்பதைக் காண்போம்.

முதலாவது, செல்வத்தைக் குறிக்கும் ‘மாமோன்’ என்னும் சொல். இஃது அரமேயச் சொல். நற்செய்தியாளர் இதனைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்காமல் ஒலிவடிவிலேயே வைத்தனர். புதிய ஏற்பாட்டில் மத்தேயுவில் ஒரு முறையும், லூக்காவின் 16ஆம் அதிகாரத்தில் மூன்று முறையுமாக நான்கே இடங்களில் இது வருகின்றது. மொழிபெயர்க்காமையால் அச்சொல் ஓர் ஆளின் பெயர்போல ஒலிக்கின்றது. கடவுளுக்கு எதிரே நின்று அடிமை கேட்கும் வேறொரு தலைவனாகப் பொருள் உருவம் பெறுகின்றது. பவர் மொழிபெயர்ப்பு இதனை ‘உலகப்பொருள்’ என்று தந்தது. ‘உலக’ என்னும் அடைமொழி, மண்ணுலகப் பொருள் வேறு, விண்ணுலகப் பொருள் வேறு என்னும் பகுப்பினை முன்னிறுத்துகின்றது. முதற் கூறின் கருத்தோடு இஃது இயைவதே. எனினும், தலைவன் ஒருவன் நிற்கின்றான் என்னும் உணர்வு மங்கிவிடுகின்றது. பொது மொழிபெயர்ப்பு ‘செல்வம்’ என்றது. அது தெளிவான சொல். ஆயின் தமிழில் மங்கலச் சொல்லுமாம். கல்வியும் குழந்தையும் அருளும் நமக்குச் செல்வங்களே. அச்சொல்லைக் கடவுளுக்கு மாற்றாரென நிறுத்துங்கால் தமிழ்க் காது சிறிது தயங்கும். அத்தயக்கம் ஒருவகையில் நன்றே. தீயதென எவரும் அறிந்த ஒன்றினைப் பற்றி எச்சரிக்கை தேவையில்லை. நல்லதென எல்லோரும் போற்றும் ஒன்றே தலைவனாதற்கு வல்லது.

இரண்டாவது, அடிமை செய்தலைக் குறிக்கும் வினை. கிரேக்கச் சொல் அடிமையின் பணியைச் சுட்டுவது. விரும்பியபோது விட்டு விலகும் கூலியாளின் வேலையைச் சுட்டுவதன்று. பொது மொழிபெயர்ப்பின் ‘பணிவிடை’ என்பது மென்மையான சொல். பவர் மொழிபெயர்ப்பு ‘ஊழியம்’ என்னும் சொல்லை ஆண்டது. இன்று சபைப் பணியைக் குறிக்கும் புனிதச் சொல்லாக இது வழங்குகின்றது. ஆயின் 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்பது ஒடுக்கப்பட்ட மக்கள் அரசுக்குக் கூலியின்றிச் செய்ய நேர்ந்த கட்டாய வேலையின் பெயராகவும் இருந்தது. தென்திருவிதாங்கூரில் அக்கொடுமையை அறிந்த கிறித்தவக் குடும்பங்கள் பல. அன்னோர் செவியில், பொருளுக்கு ஊழியஞ் செய்தல் என்னும் தொடர் எத்துணைக் கூர்மையோடு பாய்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். கூலி தராமல் வேலை வாங்கும் தலைவன் என்பதே செல்வத்துக்குரிய பொருத்தமான உருவகம் அன்றோ?

மூன்றாவது ‘கவலை’ என்னும் சொல். இரு மொழிபெயர்ப்புகளும் இச்சொல்லையே கொண்டன. மூலத்திலுள்ள ‘மெரிம்னா’ என்னும் கிரேக்கச் சொல்லைப் பகுத்தல் எனப் பொருள்படும் வினையோடு இயைத்துக் காண்பாரும் உளர். தமிழிலோ அவ்வியைபு ஐயத்துக்கிடமின்றி அமைந்துள்ளது. பழந்தமிழில் கவலை என்பது பல கிளைகளாகப் பிரிந்து செல்லும் கவர்த்த வழிக்குப் பெயர். மலைபடுகடாம் முதலிய நூல்களில் இப்பொருளைக் காணலாம். எவ்வழிச் செல்வது என அறியாது முச்சந்தியில் நிற்பவனின் மனநிலையே கவலை. இரு தலைவர்க்கு நடுவே நிற்பவன் கவலையில் நிற்கின்றான் என்று உரை கூறினால், சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருங்கே நிறைவுறும். மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருதி அச்சொல்லைத் தேர்ந்தனரெனக் கூறுதற்கில்லை. தமிழ் தானே அவர்க்கு இவ்வுதவியைச் செய்தது.

ஆங்கில மொழிபெயர்ப்பின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1611இல் வெளிவந்த அரசர் ஜேம்சு மொழிபெயர்ப்பு, இவ்விடத்தில் ‘எண்ணவேண்டா’ எனப் பொருள்படும் தொடரை ஆண்டது. அக்காலத்தில் அத்தொடர் மனம் நைந்து வருந்துதலைக் குறித்தது. வழக்கு மாறிய பின்னர், வருங்காலத்துக்குத் திட்டமிடுதலே தவறு என அதனைப் பிழைபடக் கொண்டாரும் இருந்தனர். உழைக்க மனமில்லாதவன் உண்ணலாகாது என்று தெசலோனிக்கேயர்க்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் கூறுதலின், சோம்பலுக்கு இப்பகுதியில் இடமில்லை என்பது தெளிவு.

4. கெட்ட கண்

இரண்டாம் கூறாகிய கண் பற்றிய பகுதி, பொருள் பற்றிய பேச்சின் நடுவே தொடர்பின்றி நிற்பதுபோல் தோன்றும். எபிரேய மரபை அறிந்தார்க்கு இத்தோற்றம் நீங்கும். அம்மரபில் ‘கெட்ட கண்’ என்பது பிறர்க்கு ஈயப் பொறாத உள்ளத்தையும், பிறர் பெறக் கண்டு வெதும்பும் பொறாமையையும் குறிக்கும் மரபுத்தொடர். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்தில் கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாட் கூலி தந்த தலைவனை நோக்கி முதலில் வந்தோர் முறுமுறுக்கின்றனர். அவரை நோக்கித் தலைவன் வினவுங்கால் இதே தொடர் மீண்டும் வருகின்றது.

பவர் மொழிபெயர்ப்பு 6ஆம் அதிகாரத்தில் ‘கண் கெட்டதாயிருத்தல்’ எனச் சொல்லுக்குச் சொல் தந்து, 20ஆம் அதிகாரத்தில் ‘வன்கண்ணன்’ என்று தமிழாக்கியது. பின்னது மிக அழகிய ஆட்சி. ஆயின் ஒரே தொடர் இரு வடிவு பெற்றமையால் இரண்டு இடங்களுக்குமுள்ள உறவு தமிழ் வாசகர்க்குப் புலப்படாது போயிற்று. 6ஆம் அதிகாரத்திலும் வன்கண் என்னும் சொல்லே வந்திருப்பின், செல்வம் சேர்த்தலுக்கும் இரு தலைவர்க்கும் இடையே ஈயாமை பற்றிய எச்சரிக்கை நிற்கின்றது என்பது எளிதிற் புலனாகியிருக்கும்.

அக்கதையில் நாட்கூலி ‘பணம்’ என்று தரப்படுவதும் நோக்கத்தக்கது. மூலத்திலுள்ள தெனாரியம் என்பது ஓர் உரோமை வெள்ளி நாணயம். பணம் என்பதும் தமிழகத்தில் வழங்கிய குறிப்பிட்ட ஒரு நாணயத்தின் பெயரே. ஆதலின் பழைய வாசகர் ஒரு காசு என்றே அதனை உணர்ந்தனர். இன்று அச்சொல் செல்வம் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. ஒரு நாட் கூலி, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு என்னும் அளவு மறைந்தது. கடைசியில் வந்தவனுக்குக் குறைத்துக் கொடுத்திருந்தால் அன்றிரவு அவன் வீட்டில் உணவு குறைந்திருக்கும் என்பதே கதையின் உயிர். அவ்வுயிரைப் பொது மொழிபெயர்ப்பின் ‘தெனாரியம்’ என்னும் அயற்சொல்லும் தானே உணர்த்தாது, உரை தேவைப்படும்.

5. லூக்காவின் ‘ஆகையால்’

இதே கவலை பற்றிய பகுதி லூக்கா 12ஆம் அதிகாரத்திலும் வருகின்றது. அங்கும் ‘தியா தூத்தோ’ என்னும் இணைப்பு உண்டு. ஆயின் அஃது இணைக்கும் பொருள் வேறு. லூக்காவில் அதற்கு முன் நிற்பது அறிவற்ற செல்வனின் கதை.

கூட்டத்தில் ஒருவன் தன் சகோதரனிடமிருந்து சொத்தைப் பங்கிட்டுத் தருமாறு வேண்டுகின்றான். இயேசு நடுவராக இருக்க மறுத்து, ஒரு கதை சொல்கின்றார். செல்வன் ஒருவனின் நிலம் மிகுதியாக விளைந்தது. இருந்த களஞ்சியங்களை இடித்து, பெரியனவாகக் கட்டித் தானியத்தைச் சேர்த்துவைக்க அவன் எண்ணுகின்றான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகின்றது.

இவன் களவு செய்தவனல்லன். வட்டி வாங்கியதாகவும் கதை கூறவில்லை. நிலம் விளைந்தது அவ்வளவே. எனின் அவன் குற்றம் யாது? அவன் பேச்சின் நடையே அதனைக் காட்டுகின்றது. சில வரிகளுள் ‘நான்’, ‘என்’ என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தன் விளைச்சல், தன் களஞ்சியம், தன் பொருள் என்கின்றான். முடிவில் தன் ஆன்மாவை நோக்கியே உரையாடுகின்றான். கதையில் அவனுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, வேலையாள் இல்லை, அயலான் இல்லை. அவன் தொடங்குவதும் ‘என்ன செய்வேன்’ என்னும் வினாவோடே. மிகுதியே அவனுக்குக் கவலையாயிற்று. அறுவடை குறைந்தவன் கேட்கும் அதே வினாவை அறுவடை பெருகியவனும் கேட்கின்றான். இக்கதையை அடுத்து ‘கவலைப்படவேண்டா’ என்பதை லூக்கா வைத்தது, கவலை வறியவர்க்கே உரிய நோய் என்னும் எண்ணத்தை மறுக்கின்றது.

மத்தேயு பொதுவாகப் பறவைகள் என்று கூறும் இடத்தில் லூக்கா காகங்களைக் குறிப்பிடுகின்றார். அவற்றுக்குக் களஞ்சியம் இல்லை என்னும் தொடர், முன் வந்த செல்வனின் களஞ்சியத்தை நேரே சுட்டுகின்றது. யூத நெறியில் காகம் தூய்மையற்ற பறவைகளுள் ஒன்று. அதனையும் இறைவன் ஊட்டுகின்றான் என்பதே மூலத்தின் கருத்து. தமிழ் வாசகர்க்கோ காகம் வேறொரு நினைவையும் தரும். கிடைத்த இரையை மறையாமல் இனத்தைக் கூவியழைத்து உண்ணும் பறவையாகத் திருவள்ளுவர் அதனைச் சுற்றந்தழால் அதிகாரத்தில் காட்டியுள்ளார். களஞ்சியம் இல்லாத காகம் கூட்டத்தோடு உண்கின்றது. களஞ்சியம் உடைய செல்வன் தனியே பேசுகின்றான். மூலத்தில் இல்லாத இவ்வொப்புமை, தமிழில் மூலத்தின் கருத்துக்கு வலிமை சேர்க்கின்றது.

லூக்கா இத்துடன் நில்லாமல், உடைமைகளை விற்று ஈகை செய்யுமாறு 33ஆம் வசனத்தில் கூறுகின்றார். கவலை வேண்டா என்னும் அறிவுரையின் முடிவு ஈகையாக அமைந்திருத்தலை மறத்தல் கூடாது.

6. பசித்தவனிடம் இச்சொல்லைக் கூறலாமோ?

இனி, மறுக்கவியலாத ஓர் எதிர்ப்பினை எதிர்கொள்வோம். உணவுக்கு வழியற்றவனிடம் உணவைப் பற்றிக் கவலைப்படாதே எனல் கொடுமை அன்றோ? திருக்குறள் நல்குரவு அதிகாரத்தில் வறுமைக்கு எவ்வகைப் புகழ்ச்சியும் இல்லை. இரவச்சம் அதிகாரத்தில், இரந்தே உயிர்வாழ வேண்டுமெனின் உலகை அவ்வாறு அமைத்தவன்மீதே வள்ளுவரின் சினம் பாய்கின்றது. அச்சினத்தின் முன் பறவைகளையும் மலர்களையும் காட்டுதல் பொருந்துமோ என்று தமிழ் பயின்றோர் கேட்பர். கேட்டல் முறையே.

இவ்வினாவுக்கு விடை விவிலியத்திலேயே உள்ளது. யாக்கோபு திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் இதே காட்சியை எடுத்துக் கொள்கின்றது. உடையும் அன்றாட உணவும் இல்லாத ஒருவனை நோக்கிச் சமாதானத்தோடு போ, குளிர்காய், வயிறார உண் என வாழ்த்திவிட்டு, வேண்டுவனவற்றைக் கொடாமற்போனால் அதனாற் பயன் யாது என்று அது வினவுகின்றது. உணவும் உடையும் என்னும் அதே இரு பொருள்கள் ஈண்டும் வருகின்றன என்பது கருதத்தக்கது. கையில் உதவி இல்லாது கூறப்படும் ‘கவலைப்படாதே’ என்னும் சொல்லைச் செத்த நம்பிக்கையின் எடுத்துக்காட்டாக அத்திருமுகம் வைத்துள்ளது.

இலக்கணமும் இதற்குத் துணைநிற்கின்றது. கவலைப்படவேண்டா என்னும் ஏவல் மூலத்திலும் தமிழிலும் பன்மையில் உள்ளது. பலர் சேர்ந்த குழுவை நோக்கியது அது. அதே அதிகாரத்தில் சற்று முன்னர் வரும் இறைவேண்டலும் பன்மையிலேயே அமைந்துள்ளது. அன்றாட உணவை ‘எங்களுக்கு’ என்று கேட்கச் சொல்கின்றதேயன்றி, ‘எனக்கு’ என்று கேட்கச் சொல்லவில்லை. அறிவற்ற செல்வன் ஒருமையிற் பேசினான். வேண்டுதல் செய்வோர் பன்மையிற் பேசுகின்றனர். ‘எங்களுக்கு’ என்று கேட்டு உணவு பெற்றவன் அதனைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொண்டால், அவன் வேண்டுதல் பொய்யாகிவிடும்.

அவ்வேண்டுதலில் உணவை அடுத்து வருவது கடன். மத்தேயுவின் கிரேக்கச் சொல் கடனையே குறிக்கின்றது. பவர் மொழிபெயர்ப்பு ‘கடன்கள்’, ‘கடனாளிகள்’ என்று அதனை நேர்மையாகத் தந்தது. பொது மொழிபெயர்ப்பு ‘குற்றங்கள்’ என்றது. அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்குதலின் பின்னதும் பிழையன்று. ஆயினும் உணவும் கடனும் அடுத்தடுத்து நிற்கும்போது எழும் உழவர் வாழ்வின் மணம் ‘குற்றம்’ என்னும் சொல்லில் இல்லை. அந்நாட்டில் கடன் எத்துணைப் பெருஞ்சுமையாய் இருந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. கி.பி. 66இல் எருசலேமில் கிளர்ச்சி எழுந்தபோது, கிளர்ச்சியாளர் கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக்களரிக்குத் தீயிட்டனர் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் எழுதியுள்ளார். பொருட்கவலை நிறைந்த அச்சூழலில் எழுந்த மொழிகளே நாம் ஆராய்வன. கவலையறியாதார் பொழுதுபோக்காகக் கூறியவை அல்ல.

தொடக்கக்காலத் திருச்சபை இதனை இவ்வாறே உணர்ந்தது எனல் தகும். தம்முள் வறியவர் எவரும் இல்லாதபடி உடைமைகளை விற்றுப் பகிர்ந்தனர் என்று திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரம் கூறும். பகிர்விலும் குறை நேர்ந்து, கைம்பெண்கள் சிலர் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டனர் என்பதை 6ஆம் அதிகாரம் மறைக்காமல் உரைக்கின்றது. அதனைச் சீர்செய்ய எழுவரைத் தேர்ந்தனர். கவலைக்கு மருந்தாக ஒரு பங்கீட்டு முறையே வகுக்கப்பட்டமை ஈண்டு உளங்கொளத்தக்கது.

7. இரு பழைய உரைகள்

செல்வம் பற்றிய நற்செய்திப் பகுதிகட்கு உரை கண்டோருள் இருவரை எடுத்துக்காட்டுவோம். அலெக்சாந்திரியாவைச் சார்ந்த கிளமெந்து, கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில், மீட்புறும் செல்வன் யார் என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் இயற்றினார். உடைமையைத் துறத்தலினும் உடைமைமீதுள்ள பற்றைத் துறத்தலே முதன்மையானது. எவரிடமும் பொருள் இல்லையெனின் பசித்தவனுக்கு உணவளிப்பார் யார் என்பது அவர் வாதம். 4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டில் பஞ்சம் வந்தகாலை, செசரியாவின் பசிலியார், லூக்காவின் அறிவற்ற செல்வனையே பொருளாகக் கொண்டு உரையாற்றினார். மிகுதியாய்ப் பூட்டிவைத்த உணவு பசித்தவனுக்கே உரியது. அதனைக் கொடாமை கவர்தலை ஒக்கும் என்பது அவர் கொள்கை. வறியவர்க்கும் நோயாளர்க்கும் அவர் இல்லங்கள் அமைத்தமையும் வரலாறு.

கிளமெந்தின் உரை மத்தேயுவின் ‘ஆகையால்’ என்பதற்கும், பசிலியாரின் உரை லூக்காவின் ‘ஆகையால்’ என்பதற்கும் அணுக்கமானவை எனக் கூறலாம். முன்னவர் உள்ளத்தின் தலைவன் யார் என்று கேட்டார்; பின்னவர் களஞ்சியத்தின் உரிமையாளன் யார் என்று கேட்டார். கிளமெந்தின் உரை மட்டும் வழங்குமாயின், பற்றற்றேன் என்று சொல்லிக்கொண்டு அனைத்தையும் வைத்திருத்தல் எளிதாகும். பசிலியாரின் உரை மட்டும் வழங்குமாயின், கொடுத்தேன் என்னும் செருக்கு புதியதொரு தலைவனாதல் கூடும். லூக்காவே 18, 19ஆம் அதிகாரங்களில் இதற்கு நடுநிலை காட்டுகின்றார். எல்லாவற்றையும் விற்குமாறு ஏவப்பெற்ற தலைவன் வருந்தி நிற்கின்றான். எரிகோ நகரத்து வரிதண்டுவோர் தலைவன் சக்கேயு, ஏவப்பெறாமலே உடைமையிற் பாதியை வறியவர்க்கு அளிப்பதாகவும், வஞ்சித்துக் கவர்ந்ததை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் கூறி மகிழ்கின்றான். ஈகையோடு, கவர்ந்ததைத் திருப்புதலும் அவன் சொல்லில் அடங்கியிருத்தல் காண்க.

8. தமிழ் இலக்கியத்தில் இக்கருத்து

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவன், தச்சுத் தொழிலால் வாழ்ந்த சூசை. எபிரேயப் பெயர்க்குப் பெருகுதல், கூட்டித் தருதல் என்னும் பொருளுண்மையின், முனிவர் அவனுக்கு ‘வளன்’ என்று பெயரிட்டார். குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக்கச் சென்ற அக்குடும்பம் புறாக்களையே கொண்டு சென்றது என லூக்கா கூறும். ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாத வறியவர்க்கு லேவியர் நூல் வகுத்த காணிக்கை அது. ஆட்டுக்குட்டிக்கு வகையற்றவனை வளன் என்று அழைத்ததில் காப்பியத்தின் கொள்கை முழுதும் அடங்கியுள்ளது. தமிழ்க் காப்பிய மரபுக்கேற்ப நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் வளம் பாடிய முனிவர், அடுத்த படலத்தில் வளனின் பிறப்பைப் பாடுகின்றார். நாட்டின் வளத்தினின்று மனிதனாகிய வளனுக்குச் செல்லும் இவ்வைப்பு முறையே, வளம் என்பது யாது என்னும் வினாவை எழுப்புகின்றது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1859இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலி வாங்குதலைக் கடிந்தார். அவர் முன்சீபு பதவியில் இருந்தவராதலின், பொருள் தலைவனானால் நீதி என்னாகும் என்பதை அணுகி அறிந்தவர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தில் தம் பொருளை ஈந்து வறியோரைக் காத்தார் என்பதும், அக்கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் புகழ்ந்து பாடினார் என்பதும் இலக்கிய வரலாறு கூறும் செய்திகள். பஞ்சத்தில் வாடுவார்க்குக் கவலைப்படாதே என்று கூறும் தகுதி இத்தகையார்க்கே உண்டு.

திருக்குறளோடு ஒப்பிடுங்கால் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருங்கே தெரிகின்றன. நன்றியில் செல்வம் என்னும் அதிகாரம் இகழும் செல்வனும் லூக்காவின் செல்வனும் உடன்பிறந்தார் போல்வர். ஈகையின் சிறப்பில் இரு நூல்களும் உடன்படுகின்றன. வேற்றுமை ஓரிடத்தில் உள்ளது. பொருள் செயல்வகை அதிகாரத்தில் பொருள் ஒரு கருவி. நல்வழியில் ஈட்டினால் அறமும் இன்பமும் பயக்கும். நற்செய்தியில் அது கருவியாக நில்லாமல் தலைவனாக முயலும் ஒன்று. ஓயாது விழித்திருந்து காக்கப்படவேண்டிய ஒன்று. வள்ளுவர் பொருளைக் கையாளும் மனிதனை நோக்குகின்றார். நற்செய்தியாளர் மனிதனைக் கையாளும் பொருளை நோக்குகின்றனர். இரு நோக்கும் உடையார்க்கே பொருளின் முழு இயல்பும் விளங்கும் என்பது எம் துணிபு.

9. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. செல்வம் தீயதென்றோ இறைப்பற்றுக்குப் பரிசென்றோ இப்பகுதிகள் கூறவில்லை. அது தலைவனாகும் ஆற்றலுடையது என்று கூறுகின்றன. கவலை என்பது அத்தலைவனுக்கு நாம் செலுத்தும் ஊழியம். அதனை இல்லாதவனும் செலுத்துகின்றான், இருப்பவனும் செலுத்துகின்றான். மத்தேயு ‘ஆகையால்’ என்று இணைத்தது அடிமைத்தனத்தோடு. லூக்கா இணைத்தது களஞ்சியத்தோடு. இரண்டையும் சேர்த்துக் கற்குங்கால், ஒருவன் களஞ்சியம் பூட்டப்பட்டிருக்கும்வரை அவன் அயலானிடம் கவலைப்படாதே என்று சொல்ல அவனுக்கு உரிமையில்லை என்பது பெறப்படும்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதிலொரு கடமை உண்டு. வன்கண், கடன், ஊழியம் ஆகிய சொற்கள் பொருளாதார வாழ்வின் மண்ணில் வேர்விட்டவை. எளிமை கருதியோ புனிதம் கருதியோ அவற்றை மென்மையாக்குங்கால், நூலின் கூர்மையும் மழுங்கிவிடுகின்றது. இனி வரும் மொழிபெயர்ப்புகள் இவற்றை மீண்டும் எண்ணிப் பார்த்தல் நன்று. கற்போரும் கற்பிப்போரும், பறவையையும் மலரையும் பாடும் அவ்வழகிய பகுதியை இனி எடுத்தோதுங்கால், அதன் முன் நிற்கும் ‘ஆகையால்’ என்னும் சொல்லையும் விடாது சேர்த்தோதுவாராக.